பகடையில் விழுந்த உயிர்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்னால் அக்கா வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகளும் அவள் சிநேகிதர்கள் நாலு பேரும் கூடத்தில் பாய் விரித்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆடும் மந்திரவாதி அன்றைக்குத்தான் இரண்டாம் நிலைக்கு ஏறியிருந்தாள். நிலை ஏறினால் உயிர் கூடும். எவ்வளவு கூடும் என்பதைப் பகடை சொல்லும். அவள் ஆறுமுகப் பகடையை உள்ளங்கையில் குலுக்கி உருட்டினாள். ஒன்று விழுந்தது. அவள் முகம் சுண்டிப் போயிற்று. சரியாக அந்த நேரம் முறுக்குத் தட்டோடு வந்த என் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “அடி சக்கை, தாயம் விழுந்திருக்கே!” என்றார்.

“ஐயோ பாட்டி, இதுல ஒண்ணு விழுந்தா நல்லதில்ல.”

“ஒண்ணு விழுந்தா நல்லதில்லையா? என்னடி ஆட்டம் இது?”

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாயக்கட்டத்தில் ஒன்று விழாமல் காய் இறங்கவே இறங்காது. அங்கே ஒன்று என்பது பிறப்பு. பேத்தியின் ஆட்டத்திலோ அடுத்த பூதத்தின் முதல் அடியில் சாய்ந்துவிடுவதற்கான அச்சாரம் அது. அதே குலுக்கல், அதே எண். இடையில் என்ன நடந்தது?

செல்போனில் சண்டை விளையாட்டு ஆடியவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோடு தெரியும். ஆளின் தலைக்கு மேலோ திரையின் ஓரத்திலோ பச்சையாக இருக்கும், அடிபட அடிபடக் குறுகிச் சிவக்கும். ‘லைஃப்’ என்பார்கள், ‘ஹெல்த்’ என்பார்கள், விவரம் தெரிந்த பிள்ளைகள் ‘ஹெச்பி’ என்பார்கள். அந்த இரண்டு எழுத்தின் விரிவு ‘ஹிட் பாயிண்ட்’. நாம் உயிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்பதை உருட்டி முடிவு செய்வதா, புத்தகத்தில் எழுதி வைத்ததைக் கொடுப்பதா என்பது இந்த ஆட்டக்காரர்களிடையே அரை நூற்றாண்டாக ஓடும் வழக்கு. வழக்கின் வேர் நம் ஊர்ப் பக்கமும் வந்து போகிறது.

சதுரங்கத்திலிருந்து தொடங்கலாம். அதில் உயிர்ப்புள்ளி கிடையாது. யானையோ மந்திரியோ, வெட்டுப்பட்டால் பலகையை விட்டு வெளியே. தாயத்திலும் ஒரே வெட்டுதான், ஆனால் மறுபடி இறங்கலாம். அடி வாங்கியும் நிற்பது என்ற எண்ணம் இந்த இரண்டிலும் இல்லை. இத்தனைக்கும் பலகை ஆட்டத்தில் நம் பக்கத்தாருக்குக் கற்பனைப் பஞ்சம் இருந்ததில்லை. பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் மைசூருக்கு. அங்கே மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) குதிரையை எல்லாக் கட்டங்களுக்கும் ஒருமுறை மட்டும் நடத்தும் புதிர்களில் தோய்ந்து கிடந்தவர். புதுப் புதுப் பலகைகளை வகுத்தவர். ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் அந்த ஆட்டப் பலகைகள் சித்திரமாகவே தீட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவர்முன் நின்றால் ஒரு ராஜ்யத்தின் ஓய்வுநேரம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இந்தியாவில் பிறந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன சதுரங்கம் அங்கே பெருத்துக்கொண்டே போனது. 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் 1,617 கட்டங்கள் கொண்ட போர்ச் சதுரங்கத்தை வெளியிட்டார். 64 கட்டத்தில் ஆடியதை ஆயிரத்துக்கு மேல் இழுத்ததற்குக் காரணம் உண்டு. மாணவர்களுக்குப் போர்க்கலை சொல்லித்தரும் கருவியாக அது ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி கட்டங்களையே தூக்கி எறிந்தார். அவர் தந்தை தொடங்கி வைத்த ஆட்டத்தை அவர் 1824-இல் நில வரைபடத்தின் மேல் நடக்கும் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ ஆக்கினார். இரண்டு மாற்றங்களை அவர் கொண்டுவந்தார். ஒன்று, சதுரங்கத்தில் வேலை இல்லாமல் இருந்த பகடை திரும்பி வந்தது. குண்டு எத்தனை பேரைச் சாய்த்தது என்பதை அது சொன்னது. இரண்டு, அடிபட்ட படை உடனே மேசையை விட்டுப் போகவில்லை. இழந்த அளவுக்கு அதன் பலத்தைக் குறைத்துக் கணக்கு வைத்தார்கள். ஒரே வெட்டில் சாகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது என்பதன் கரு இங்கேதான் விழுந்தது.

கரு வளர்ந்தது கடலில். 1862 மார்ச் 9-ஆம் தேதி, அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற கழிமுகத்தில் ‘மானிட்டர்’, ‘வர்ஜீனியா’ என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. குண்டுகள் பட்டுத் தெறித்தன. இரண்டும் மூழ்கவில்லை. மரக்கப்பல் காலம் அன்றோடு முடிந்தது. கப்பல் சண்டையை மேசையில் ஆட நினைத்தவர்களுக்கும் புதுக் கேள்வி முளைத்தது: இந்த இரும்பு எத்தனை அடி தாங்கும்?

அதற்கு நியூயார்க் எழுத்தாளர் பிளெட்சர் பிராட் சூத்திரமே எழுதினார். பீரங்கி, கவசத்தின் கனம், வேகம், எடை எல்லாவற்றையும் போட்டுக் கூட்டி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மதிப்பெண். நண்பர்கள் தரையில் தவழ்ந்து, மரப் பொம்மைக் கப்பல்களை நகர்த்தி, தூரத்தைக் கண்ணால் அளந்து சுடுவார்கள். குண்டு பட்டால் மதிப்பெண் குறையும், குறையக் குறையக் கப்பல் தளரும். அவருடைய விதிகள் 1940 வாக்கில் புத்தகமாக வந்தன. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயிர்ப்புள்ளி பிறந்தபோது அது உருட்டிய எண் இல்லை, கணக்கிட்ட எண். இரும்பின் கனத்தைக் குலுக்கிப் போட்டா முடிவு செய்வார்கள்?

அது மனித உடம்புக்குள் புகுந்தது ஒரு வாலிபனின் தயவால். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து டேவ் ஆர்னெசன் 1971 வாக்கில் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் நண்பர்களை உலவ விட்டார். ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம். முதலில் சண்டைக்கு அவர்கள் நம்பியது ‘செயின்மெயில்’ என்ற படைச்சண்டை விதிகளை. அதில் சாதாரண வீரன் ஒரே அடியில் போய்விடுவான். நூறு பொம்மை வீரர்களில் ஒன்று விழுந்தால் யாருக்கும் வலிக்காது. ஆனால் பெயர் வைத்து, கோட்டை கொடுத்து, வாரக்கணக்கில் வளர்த்த ஒற்றை ஆள் ஒரே அடியில் விழுந்தால் ஆடியவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். ஆர்னெசன் தான் முன்பு உள்நாட்டுப் போர் இரும்புக் கப்பல்களுக்கு எழுதி வைத்திருந்த விதிகளைத் தூசி தட்டினார். கவச அளவும் உயிர்ப்புள்ளியும் அதில் தயாராக இருந்தன. கப்பலின் இடத்தில் மனிதனை வைத்தார். இன்று நம் பிள்ளைகளின் கைபேசியில் குறுகும் அந்தப் பச்சைக் கோடு, பரம்பரைப்படி பார்த்தால், மூழ்க மறுத்த ஒரு கப்பலின் பக்கவாட்டு இரும்பு.

ஆர்னெசனின் ஆட்டத்தில் வீரன் அனுபவம் பெற்றால் உயிர்ப்புள்ளி கூடாது. அவனைத் தொடுவது கடினமாகும், அவ்வளவுதான். 1977-இல் வெளியிட்ட நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். உயிரை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் அவருடைய கூட்டாளி கேரி கைகாக்ஸோடு சேர்ந்து வெளியிட்ட விதிகளில் வேரூன்றியது. 1974 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து ஆயிரம் பிரதிகளாக, மரநிறப் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக, பத்து டாலர் விலையில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. செயின்மெயிலில் ‘ஹீரோ’ ஒருவன் நாலு பேருக்குச் சமம், நாலு அடி சேர்ந்து விழுந்தால்தான் சாவான். புது விதிகளில் நான்காம் நிலை வீரனுக்குப் பெயர் ‘ஹீரோ’, அவனுக்கு நாலு பகடை. அதாவது ஓர் ஆளுக்கு ஒரு பகடை. வாள் வெட்டுக்கும் ஒரு பகடை. உயிரும் ஆறுமுகம், வெட்டும் ஆறுமுகம். புதிதாகப் பிறந்த மந்திரவாதி ஒரு வெட்டில் சாக எத்தனை வாய்ப்பு என்று கூட்டிப் பார்த்தேன்: 36-க்கு 21. பாதிக்கும் மேல்!

இரும்பிலிருந்து சதைக்கு மாறியபோதுதான் உயிர்ப்புள்ளி பகடைக்குள் போயிற்று. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. கப்பலின் கனத்தை அளக்கலாம். மனிதனின் உயிர் எவ்வளவு கெட்டி என்று யாருக்குத் தெரியும்? கைகாக்ஸ் 1979-இல் நீண்ட விளக்கமே கொடுத்தார். உயிர்ப்புள்ளி வெறும் சதை இல்லை, அதில் திறமை, அதிர்ஷ்டம், தெய்வத்தின் துணை எல்லாம் கலந்திருக்கிறது என்றார். நம் பாட்டிமார் ‘ஆயுசு கெட்டி’ என்று இரண்டே வார்த்தையில் முடிப்பதைத்தான் அவர் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்.

1975-இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூல் உயிர்ப் பகடையை இன்னும் நுணுக்கமாக்கியது: வீரனுக்கு எட்டுமுகப் பகடை, பூசாரிக்கு ஆறு, மந்திரவாதிக்கும் திருடனுக்கும் நாலு. இந்த எட்டில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. நம் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் நீளவாட்டில் நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து தாயம் விழ 16-க்கு 2 வாய்ப்பு, எட்டில் ஒன்று. கிரேஹாக் வீரனுக்கு மிகக் கேடான எண் விழுவதும் எட்டில் ஒன்று. என் அம்மா தெருத்திண்ணையில் காத்துக் கிடந்த அதே அரிய எண்ணுக்கு லேக் ஜெனீவாவில் ஒருவன் நடுங்கிக் கிடந்தான்.

பல முகப் பகடைகள் எங்கிருந்து வந்தன என்பதும் ஒரு வியாபாரக் கதைதான். அவை பள்ளிக்கூடங்களுக்குக் கணிதக் கருவிகள் விற்ற கலிஃபோர்னிய நிறுவனம் ஒன்றின் சரக்கு. மட்டமான பிளாஸ்டிக். உருட்ட உருட்ட முனை மழுங்கும். எண்கள் குழியாக மட்டும் இருக்கும், மெழுகுக் கலர் பென்சிலைத் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆட்டம் பரவிய வேகத்துக்குப் பகடை கிடைக்கவில்லை. 1979 வாக்கில் அடிப்படைப் பெட்டி வாங்கியவர்களுக்குப் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகள் வந்தன. கோப்பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டில் பொறித்து வைத்தவர்களின் வழிவந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

நகலெடுத்தவர்கள் உடனே கிளம்பினார்கள். அரிசோனாவின் கென் செயின்ட் ஆண்ட்ரே நண்பர் வீட்டில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வினோதப் பகடைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. சாதாரண ஆறுமுகப் பகடையே போதும் என்று 1975-இல் ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ எழுதினார். அதில் உடல்வலிமை எண்ணே உயிர். அடிபட்டால் அதிலிருந்தே கழியும். 1978-இல் ‘ரூன்குவெஸ்ட்’ உயிர்ப்புள்ளியைத் திரும்பக் கணக்குக்கு இழுத்துப் போனது. உடல்வலிமையும் உடற்கட்டும் சேர்ந்து ஓர் எண், அனுபவம் கூடினாலும் அது மலைபோல் வளராது. கிழட்டுப் போர்வீரனுக்கும் வயிற்றில் ஈட்டி இறங்கினால் கதை முடிந்தது. பிராட்டின் கப்பல் கணக்கு மறுபிறவி எடுத்ததுபோல இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் இந்தியாவை நேரில் பார்த்த ஒருவரும் உண்டு. எம்.ஏ.ஆர். பார்க்கர் 1951-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்திய மொழிகள் படிக்க வந்தவர். இங்கே இருந்தபோது இஸ்லாத்தைத் தழுவினார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறையில் உருது கற்பித்தார். அவர் 1975-இல் வெளியிட்ட ‘எம்பயர் ஆஃப் தி பெடல் த்ரோன்’ ஐரோப்பியக் கோட்டைகளை விட்டு விலகிய முதல் பெரும் கற்பனை உலகங்களில் ஒன்று. ஆர்னெசனே அவர் மேசையில் வந்து ஆடினார். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் பழைய பகடைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் திரும்ப உருட்டலாம். கூடினால் புது எண், குறைந்தால் பழையதே. ஒருமுறை விழுந்த ஒன்று ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளாது. விதியை மன்னிக்கும் விதி! (பார்க்கர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியிருந்தது 2022-இல் உறுதியாகி, அவரைக் கொண்டாடியவர்களை உலுக்கியது. அதைச் சொல்லாமல் அவர் பெயரை எடுப்பது சரியில்லை.)

1981-இல் கார்னெல் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருவர் ஆப்பிள் கணினிக்கு எழுதிய ‘விசார்ட்ரி’யிலும் இதே மறு உருட்டல் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சி ஒன்றுக்கு வந்த ஜப்பானிய இளைஞர் யூஜி ஹோரி அங்கே விசார்ட்ரியைப் பார்த்து மயங்கினார். ஹவாய் பல்கலைக்கழகத்தில் டன்ஜன்ஸ் ஆடிப் பழகிய ஹென்க் ரோஜர்ஸ் என்ற டச்சுக்காரரோ ஜப்பானுக்கே குடிபோய், 1984-இல் ‘பிளாக் ஆனிக்ஸ்’ வெளியிட்டு, உயிர்ப்புள்ளியை வண்ணக் கோடாக வரைந்து காட்டினார். (டெட்ரிஸை ரஷ்யாவிலிருந்து உலகத்துக்குக் கொண்டுவந்ததிலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.) 1986-இல் ஹோரியின் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. அதில் உயிர்ப்புள்ளி எப்படி வளரும் என்பதை முடிவு செய்வது பகடை இல்லை. நாயகனுக்கு நீங்கள் வைக்கும் பெயர்! பெயரின் எழுத்துகளைக் கணக்கில் கூட்டி, எந்தெந்தத் திறன் கொஞ்சம் மெதுவாக ஏற வேண்டும் என்று ஆட்டம் தீர்மானிக்கும். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்று நியூமராலஜிக்காரர் வாசலில் நிற்கும் ஊர்க்காரர்கள் நாம். இந்த விதியை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அங்கிருந்து கோடு உலகம் சுற்றியது. பெங்களூரில் 1997-இல் ‘துருவா இன்டராக்டிவ்’ தொடங்கியபோது இந்தியாவில் வீடியோ கேம் செய்வது ஒரு தொழில் என்றே பலருக்குத் தெரியாது. இன்று நகரப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையன் ஆடும் பி.ஜி.எம்.ஐ.யில் நூறு பேர் வானத்திலிருந்து குதிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் உயிர் சரியாக நூறு. முகம் தெரியாத நூறு பேரில் ஒருவனுக்கு 62, இன்னொருவனுக்கு 140 என்று உருட்டிக் கொடுத்தால் யார் ஆடுவார்கள்?

விதியா மதியா என்ற இந்தச் சண்டை பெங்களூரிலிருந்து நீதிமன்றம் வரை போனதும் உண்டு. இங்கே அச்சான ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ வார இதழில் சமர்பாக்வாலா என்பவர் நடத்திய குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி பம்பாய் அரசோடு மோதி, 1957-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றே தீர்ப்பளித்தது. காரணம், முன்பே எழுதி மூடி வைத்த விடையோடு ஒத்துப்போவதுதான் அதில் வெற்றி, அறிவுக்கு வேலை இல்லை. 2022 பிப்ரவரி 14-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஆன்லைன் விளையாட்டுத் தடைச் சட்டத் திருத்தத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தபோதும், திறமை எது, அதிர்ஷ்டம் எது என்பதே மையக் கேள்வி. பாயில் உட்கார்ந்து உயிர்ப்புள்ளி உருட்டும் பிள்ளைகள் பணம் வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வாதம் அதேதான்.

மேசை ஆட்டத்திலும் காற்று மெல்ல நிலையான எண் பக்கம் திரும்பியது. டன்ஜன்ஸின் 1981 அடிப்படைப் பதிப்பு, முதல் நிலையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஆட்டம் நடத்துபவர் மறுபடி உருட்ட விடலாம் என்றது. 2000-இல் முதல் நிலைக்கு முழு எண் என்றானது. 2008-இல் பகடையே போய், எல்லா நிலைக்கும் நிலையான எண். 2014-இல் சமரசம்: உருட்டு, அல்லது சராசரியை மேலே முழுமையாக்கி எடுத்துக்கொள். பத்துமுகப் பகடை வீரன் ஐந்தாம் நிலைக்கு வரும்போது, உடல்வலிமைக் கூடுதலை விட்டுப் பார்த்தால், நிலையான கணக்கில் 34. உருட்டினால் 14-லும் நிற்கலாம், 50-ஐயும் தொடலாம், சராசரி 32. கணக்குப் பார்க்கிறவன் உருட்ட மாட்டான்.

ஆனாலும் பலர் உருட்டுகிறார்கள். பல மேசைகளில் மாறி மாறி ஆடும் அமைப்பு ரீதியான ஆட்டங்களில் மட்டும் நிலையான எண் கட்டாயம். எனக்கு இங்கேதான் விஷயம் புரிகிறது. ‘வீட்டிலேயே உருட்டிட்டு வந்தேன், எட்டு’ என்று சொல்பவனை அந்நியர்களால் நம்ப முடியாது, கேட்கவும் முடியாது. கோரமங்களா, இந்திராநகர் போர்டு கேம் கஃபேக்களில் ஒரே மேசையில் ஆறு மாநிலத்துக்காரர்கள் அன்றைக்குத்தான் பெயர் சொல்லி அறிமுகமாகி உட்காருகிறார்கள். அங்கே அச்சிட்ட எண்தான் மரியாதை. கூடத்தில் பாய் விரித்தவர்கள் கதை வேறு. ஒன்று விழுந்தவளை மற்றவர்கள் நடுவில் விட்டுச் சுற்றி நின்று காப்பாற்றுவார்கள். அடுத்த மூன்று வாரம் அதுதான் கதை. உறவு இருக்கும் இடத்தில் பகடை இருக்கலாம் என்பது என் கட்சி.

 

அல்சூர் வீட்டில் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆட்டம் நடத்திய பையன் கன்னடக்காரன். “ரூல்னா ரூல்தான் அஜ்ஜி, ஒண்ணுன்னா ஒண்ணு” என்றான் கரிசனத்தோடு. அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சுருக்குப்பையிலிருந்து தன் தாயக்கட்டைகளை எடுத்து வந்து பேத்தி கையில் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று, கைச்சூட்டுக்குக் காத்திருந்தவை போல இருந்தன. “இதுல போடு. எது விழுந்தாலும் கேக்க மாட்டேன்.”

பிள்ளைகளுக்குள் அவசர மாநாடு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று அம்மா சொன்னதும் ஒருத்தன் வாயைப் பிளந்தான். நான் முறுக்குக் காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 16 விழுகைகளுக்கும் மொத்தம் 60, சராசரி 3.75. ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5, புத்தகம் தரும் நிலையான எண் 4. பித்தளைக் கட்டை இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கிறது. “ஏமாத்து இல்ல, விடுங்க” என்றேன்.

அவள் இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, பாயைத் தாண்டி மொசைக் தரையில் விட்டாள். ஒன்று சட்டென்று நின்றது: மூன்று. மற்றது சோபாக் கால்வரை உருண்டு போய், ஒருமுறை புரண்டு படுத்தது.

“தாயம்” என்றார் அம்மா.

மூன்றும் ஒன்றும் நாலு. அவள் தாளில் பழைய ஒன்றை ரப்பரால் அழித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.